இரண்டு வீட்டுச் சாப்பாடு

9 ஜூலை 1973, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மேகம் கட்டியிருக்கிறது, மழை இல்லை. எருமைக்குத் தவிடு தீர்ந்துவிட்டது.

டாக்டர் இன்று ஒரு வேலை கொடுத்தார். வீட்டுக்காரர் வாயில் போடுவது ஒவ்வொன்றையும் நேரம் போட்டு எழுத வேண்டும். எத்தனை தடவை கொல்லைக்குப் போகிறார், அதையும். இரண்டு வருடமாக வயிற்றுப்போக்கு. வயது அறுபத்து நாலு. அறுபத்திரண்டு கிலோ இருந்த மனிதர், இன்று தராசில் நாற்பத்தொன்பது. மலம் மூன்று முறை சோதித்தாயிற்று. பூச்சி மாத்திரை, அமீபா மாத்திரை, மெட்ராஸில் வெள்ளை மருந்து குடிக்கவைத்து எடுத்த படம். எதிலும் ஒன்றும் அகப்படவில்லை. "அப்ப சாப்பாட்டுலதான் பிடிக்கணும்" என்றார் டாக்டர்.

அதற்கு ஒரு நோட்டு போட்டாயிற்று. இது வேறு. கும்மிடிப்பூண்டியில் மகன் வேலை பார்க்கும் பட்டறையில் கொடுத்த டைரி, ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. டாக்டர் நோட்டில் எழுத முடியாததை இதில் எழுதலாம். யாரும் படிக்க மாட்டார்கள். அவருக்குக் கண்ணாடி போடாமல் எழுத்து தெரியாது. கண்ணாடி பெரியவள் வீட்டில்.

பெரியவள் என்றால் அவருடைய மூத்த தாரம். எட்டு வருடம் பிள்ளை இல்லை என்று அவளே தட்டெடுத்து வந்து எங்கள் அப்பாவிடம் என்னைக் கேட்டாள். எனக்கு அப்போது பத்தொன்பது. அடுத்த வருடமே மகன். அவள் திருப்பாச்சூரில், நிலத்தோடு. நான் திருவள்ளூரில். வியாழன் சாயங்காலம் பஸ் ஏறி அங்கே போவார், ஞாயிறு விளக்கு வைப்பதற்குள் இங்கே வருவார். இருபத்தெட்டு வருடமாக இந்த முறை மாறவில்லை. இனி அவளைப் பெ. என்றே எழுதுகிறேன். அதற்கு மேல் மை செலவழிக்க மனம் இல்லை.

இன்று:
6 மணி. பால் காப்பி, ஒரு டம்ளர்
8. ரொட்டி நாலு துண்டு, பாலில் தோய்த்து
1. குழைந்த சோறு, மிளகு ரசம்
4. பால், ஒரு டம்ளர்
இரவு. ரவைக் கஞ்சி, பாலில்
வெ. (வெளிக்குப் போனது, முழுதாக எழுதக் கூச்சம்) ஐந்து

நேற்று வந்து இறங்கும்போது முகம் தெளிவு. இன்று மதியத்துக்குள் வயிறு உப்பிக் கடமுட. அங்கே தின்றது இங்கே வந்து வேலை செய்கிறது. இதற்கு நோட்டு எதற்கு, எனக்கே தெரியும்.

10 ஜூலை, செவ்வாய்

வெ. ஆறு. மத்தியானம் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

சாப்பாடு நேற்று மாதிரிதான். படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் கூடுதல். எங்கள் எருமைப் பால், தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது, விரலில் ஒட்டும். போன வருடம் இளைக்க ஆரம்பித்தபோது டாக்டரே "பாலும் ரொட்டியுமா குடுங்க" என்றார். அன்றிலிருந்து அளவைக் கூட்டிவிட்டேன். இதுவும் இல்லாவிட்டால் மனிதர் எழுந்து உட்கார மாட்டார்.

அடுத்த வீட்டு சரோஜா சாணி எடுக்க வந்தாள்.

"இன்னாக்கா, கணக்குப்பிள்ள மாதிரி எழுதிக்கினு கீற?"

சொன்னேன்.

"இதெல்லாம் டாக்டருக்கு அகப்படாதுக்கா. யாரோ சோத்துல மருந்து வச்சிக்கிறாங்க. பொதட்டூர்பேட்டைல ஒருத்தர் கீறாராம். வவுத்துல கீற மருந்த அப்படியே வாந்தியா எடுத்துடுவாராம்."

இடுமருந்து. புருஷனைத் தன் பக்கம் கட்டிப்போட சோற்றில் கலப்பது. நான் எட்டாவது வரை படித்தவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் சரோஜா போன பிறகு ஒரு மணி நேரம் அதையேதான் நினைத்தேன். நினைக்கச் சுகமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அவரிடம் சொன்னேன். "அவ இன்னாத்துக்கு எனக்கு மருந்து வைக்கணும்? வைக்கிறவளா இருந்தா ஒன்ன கட்டிக்கினு வந்த அன்னிக்கே வச்சிருப்பா" என்றார். பெ.யைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலில் தெம்பு வந்துவிடுகிறது.

12 ஜூலை, வியாழன்

காற்று. கொடியில் காய்ந்த துணியெல்லாம் புழுதி.

வெ. மதியத்துக்குள் நாலு. "இந்த வாட்டி போவாதீங்க, ஒடம்பு கீற நெலமைல பஸ்ஸு இன்னாத்துக்கு" என்றேன். சட்டை மாற்றிக்கொண்டே இருந்தார். "நாத்து எப்டி கீதுன்னு பாக்கணும்" என்றார். நாற்றாம். வெளுத்த சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு நாற்றைப் பார்க்கப் போகிறார்.

கிளம்பும் முன் தெம்புக்கு ஒரு டம்ளர் பால். நின்றபடியே குடித்தார்.

13 ஜூலை, வெள்ளி

டாக்டர் நோட்டில் இன்றைய பக்கம் காலி. என்ன எழுத?

எனக்கு மட்டும் என்றால் குழம்பு வைக்கத் தோன்றுவதில்லை. மோர் சோறு, ஊறுகாய். அங்கே என்ன ஆக்குவாள்? கருவாடு இருக்கும். அவருக்குக் கருவாடு என்றால் உயிர். நான் இரண்டு வருடமாகக் கண்ணில் காட்டவில்லை, வயிற்றுக்கு ஆகாது என்று. நான் பார்த்துப் பார்த்துக் கொடுப்பேன், அவள் கருவாட்டைப் போட்டு நல்ல பேர் வாங்குவாள்.

15 ஜூலை, ஞாயிறு

ஆறரை மணி பஸ்ஸில் வந்தார். முகத்தில் களை. உட்கார்ந்ததும் பால் கொடுத்தேன். "ராத்திரிக்கு வேணாமே" என்றார். "அங்க மட்டும் எல்லாம் வேணுமா" என்று கேட்டேன். குடித்துவிட்டார்.

16 ஜூலை, திங்கள்

காலையிலிருந்து வெ. மூன்று. அப்படியே ரிக்‌ஷாவில் ஏற்றி டாக்டரிடம்.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். "வெள்ளி, சனி, ஞாயிறு எங்கம்மா? பட்டினியா?"

"உறவுக்காரங்க ஊட்டுக்குப் போயிருந்தாரு."

இரண்டு வருடமாக இந்த டாக்டரிடம் வருகிறோம். இரண்டு வீடு என்று இதுவரை சொன்னதில்லை. வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்கும்போதெல்லாம் என் அடுப்பில் ஆவதை மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவரும் வாய் திறந்ததில்லை. இன்றும் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாரத்துல மூணு நாள் தெரியலேன்னா இந்த நோட்டு எதுக்கும் உதவாது. அங்க என்ன சாப்பிட்டாரு, எத்தனை தடவை போனாருன்னு கேட்டு எழுதிட்டு வாங்க."

17 ஜூலை, செவ்வாய்

கேட்டேன். "போட்டத சாப்ட்டேன்" என்கிறார். என்ன போட்டாள்? "சோறுதான்." எத்தனை தடவை போனீர்கள்? "யாரு எண்ணிக்கினு இருந்தாங்க?" இந்த மனிதரிடம் சாட்சி வாங்க முடியாது.

பெ.வுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான்தான் போக வேண்டும். மாமியார் காரியத்துக்குப் பிறகு அந்த வாசல் மிதித்ததில்லை. பதினோரு வருடம்.

சரி, போகிறேன். என் கண்ணாலேயே பார்க்கிறேன். கருவாடு, பழையது, காரக் குழம்பு, எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதி டாக்டர் மேசையில் வைக்கிறேன். "இனிமே அந்த ஊட்டுல கை நனைக்கக் கூடாது" என்று டாக்டர் வாயாலேயே சொல்லட்டும்.

19 ஜூலை, வியாழன், திருப்பாச்சூர்

எருமையை சரோஜா பார்த்துக்கொள்கிறாள். நாலு மணிக்கு அவருக்குப் பால் கொடுத்துவிட்டு இருவரும் பஸ் ஏறினோம். பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். பயந்துவிட்டார் போலிருக்கிறது.

பெ. முறம் புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு எழுந்தாள். தலை முழுக்க வெளுத்துவிட்டது.

"வா தனம். அவருக்கு இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவலக்கா. டாக்டரு ரெண்டு நாளிக்கு இங்க சாப்புட்றத எழுதிக்கினு வரச் சொன்னாரு."

"எழுது. இங்க இன்னா கீது மறைக்கறதுக்கு."

இரவு: சோறு, கீரை, மோர். எனக்கும் அதே. கீரையில் உப்பு சரியாக இருந்தது. குறை சொல்லக்கூட வழியில்லை.

20 ஜூலை, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. தூரத்தில் பம்பைச் சத்தம்.

காலையில் வெ. இரண்டு, மதியத்துக்கு முன் ஒன்று. நோட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவ்வளவுதான், அப்புறம் இல்லை.

காலை. கடுங்காப்பி. (பசு போன வருடம் செத்துவிட்டது, வேறு வாங்கவில்லை.)
10. கேழ்வரகுக் கூழ், வெங்காயம்
2. சோறு, மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு
இரவு. சோறு, மோர்

கருவாட்டைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இன்று சாயங்காலம் பார்க்கலாம் என்று இருந்தேன். சாயங்காலம் அவர் வரப்புக்குப் போய் நாற்றைப் பார்த்துவிட்டுப் பாட்டு மாதிரி ஏதோ முனகிக்கொண்டு வந்தார். என் வீட்டில் அவர் முனகிக் கேட்டதில்லை. அங்கே வலிக்குத்தான் முனகுவார்.

மீனில் முள் எடுக்கிற மாதிரி கருவாட்டிலும் முள்ளெடுத்துத்தான் வைக்கிறாள். அவர் கேட்பதும் இல்லை, அவள் சொல்வதும் இல்லை. தட்டு நகர்கிறது, தண்ணீர்ச் செம்பு வருகிறது. கண்ணாடியை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டுப் போகிறாள். பிள்ளை பெற்றுக் கொடுத்தவள் நான். வாசற்படியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பதும் நான்.

21 ஜூலை, சனி

காலையில் வெ. ஒன்று. ஆரோக்கியமான மனிதன் போகிற மாதிரி.

பழையது, வெங்காயம். மதியம் களி, கீரை, மோர். சாப்பிட்டுக் கயிற்றுக் கட்டிலில் விழுந்தார், மூன்று மணி நேரம் தூக்கம். என் வீட்டில் அரை மணிக்கு ஒரு தரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்.

பெ. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எப்பவும் இப்டிதான் தனம். வந்த மக்கா நாளு கொஞ்சம் போவும், அப்பறம் நின்னுடும். நல்லாத்தான் கீறாருன்னு எழுது. டாக்டருக்கு ஒரு நிம்மதியா இருக்கும்."

டாக்டர் நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தேன். வெள்ளி, வெ. ஐந்து. சனி, வெ. நாலு.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதிட்டியா?"

"எழுதிட்டேங்கா."

"ஒனக்குப் படிப்பு கீது, நல்லதாப் போச்சி" என்றாள்.

எழுத்து அச்சு மாதிரி விழுந்திருக்கிறது. அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

23 ஜூலை, திங்கள்

திருவள்ளூர். மழை பிடித்துக்கொண்டது. வெ. ஐந்து, வழக்கம்போல.

டாக்டர் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்தவர் கீழே வைத்துவிட்டார். கருவாடு என்ற வரியில் அவர் கண் நிற்கவே இல்லை.

"எங்க சாப்பிட்டாலும் ஒரே மாதிரி போவுது. அப்ப சாப்பாடு காரணம் இல்லை. உள்ள கட்டி ஏதாவது இருக்கலாம், படத்துல தெரியாம. மெட்ராஸுக்கு எழுதித் தரேன். வயித்தைத் திறந்து பார்த்துடட்டும்."

"இந்த ஒடம்பு தாங்குமா டாக்டர்?" என்றேன்.

"நாற்பத்தொன்பது கிலோ. தாங்கும்னு எழுதித் தர முடியாதும்மா."

வீட்டுக்காரர் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். மேல் பொத்தான் துளைக்குள் போகவே இல்லை. நான்தான் போட்டுவிட்டேன்.

24 ஜூலை, செவ்வாய்

எருமை சரியாகக் கறக்கவில்லை. மூன்று நாள் வேறு கை பட்டது.

ஐந்தும் நாலும் கண் முன்னாலேயே நிற்கிறது. சொல்லிவிட வேண்டும் என்று காலையில் முடிவு செய்தேன். மத்தியானம் அவர் கூப்பிட்டார்.

"தனம், எனக்கு ஒண்ணு ஆயிட்டா பெரியவள இங்க கூட்டிக்கினு வந்து வச்சிக்க. அவளுக்கு வேற யாரும் இல்ல."

சரி என்றேன். வெளியே வந்து வைக்கோலை உதறினேன், உதறினேன், முற்றம் முழுக்க வைக்கோல். சாகப் போகிற பேச்சிலும் அவள்தான். எனக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டாரா? மகன் கும்மிடிப்பூண்டியில். நான் இந்த எருமையோடு.

டாக்டரிடம் போகவில்லை.

25 ஜூலை, புதன்

இன்றும் போகவில்லை. வெ. ஏழு. ஒரு தடவை கொல்லையிலேயே உட்கார்ந்துவிட்டார், தூக்கிக்கொண்டு வந்தேன். கனமே இல்லை.

26 ஜூலை, வியாழன்

காலை எட்டு மணிக்கே போய்விட்டேன், அவரிடம் சொல்லாமல். டாக்டர் அப்போதுதான் கதவைத் திறந்தார்.

"நோட்டுல தப்பா எழுதிட்டேன் டாக்டர். அங்க வெள்ளிக்கிழம மூணு, சனிக்கிழம ஒண்ணு. அவ்வளவுதான் போனாரு."

"ஏன் மாத்தி எழுதினீங்க?"

"அது உறவுக்காரங்க ஊடு இல்ல. அவரோட மூத்த சம்சாரம் ஊடு."

டாக்டர் திட்டுவார் என்று இருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. நோட்டை வாங்கி என் எண்களை அடித்துவிட்டு, சிவப்புப் பென்சிலால் என் வீட்டுப் பக்கங்களில் ஒவ்வொரு வார்த்தையாகச் சுழித்தார். பால். பால். பால். பிறகு பெ. வீட்டுப் பக்கங்கள். ஒரு சுழி இல்லை.

"அங்க பாலே கிடையாதா?"

"பசு செத்துப்போச்சி. மோரு அக்கம்பக்கத்துல வாங்கறாங்க."

"மோரு ஒத்துக்கும். வயசாக ஆகச் சில பேருக்குப் பாலைச் செரிக்கிற சக்தி குடல்ல குறைஞ்சுபோயிடும். வயிறு உப்பும், போகும். உங்க வீட்டுல எப்பலேருந்து இவ்வளவு பால்?"

எருமை வந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. இரண்டு விரலைக் காட்டினேன்.

"நானும்தான் பாலும் ரொட்டியும் குடுக்கச் சொன்னேன்" என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

பத்து நாள் ஒரு சொட்டுப் பால் கூடாது. நின்றுவிட்டால் பதினோராவது நாள் ஒரு டம்ளர் பால் கொடுத்துப் பார்க்க வேண்டும். திரும்பப் போக்கு வந்தால் பால்தான் காரணம், கத்தி வேண்டாம். வராவிட்டால் மெட்ராஸ். இந்தப் பத்து நாளும் திருப்பாச்சூரிலேயே இருக்கட்டும் என்றார்.

"நானும் பால நிறுத்திடறேன் டாக்டர். இங்கியே இருக்கட்டும்."

"கொல்லையில எருமையைக் கட்டிவெச்சுக்கிட்டு, அவர் இளைச்சிருக்கறதைப் பார்த்துக்கிட்டு, உங்களால கொடுக்காம இருக்க முடியுமாம்மா?"

நோட்டை மூடிக்கொண்டு எழுந்தேன். சாயங்காலம் வேட்டி நாலு, துண்டு இரண்டு மடித்துப் பையில் வைத்தேன். பால் கொடுக்காமல் பஸ் ஏற்றினேன். நானே அவரை அவளிடம் அனுப்பிவைத்தது இருபத்தெட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

30 ஜூலை, திங்கள்

திங்கட்கிழமை. அவர் இங்கே இருக்க வேண்டிய நாள். காலையில் பழக்கத்தில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டேன்.

பாலை என்ன செய்வது? சரோஜாவுக்குக் கொஞ்சம், மிச்சம் உறை ஊற்றினேன். "பேஜாரா கீதாக்கா?" என்றாள். இல்லை என்றேன். உண்மையில் ஒரே வயிற்றெரிச்சல். பத்து நாளும் முழுசாக அவளுக்கு. முள்ளெடுத்து வைப்பாள். கண்ணாடி துடைப்பாள். நான் இரண்டு வருடம் மணிக்கு மணி ஊற்றி ஊற்றி அந்த உடம்பைக் கரைத்திருக்கிறேன். அவள் ஒன்றும் செய்யாமலேயே குணமாக்குகிறாள்.

2 ஆகஸ்ட், வியாழன்

நிலத்து ஆள் தவிடு மூட்டையோடு வந்தான். "நைனா நல்லாக் கீறாரும்மா, நேத்து மம்பட்டி புடிச்சாரு" என்றான். சந்தோஷம்தான். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

5 ஆகஸ்ட், ஞாயிறு, திருப்பாச்சூர்

விடியலில் கறந்து காய்ச்சித் தூக்கில் ஊற்றிக்கொண்டு முதல் பஸ். தூக்கு மடியில் சுட்டது. ஒன்றும் ஆகக் கூடாது, என் பால் மேல் பழி வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே வந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. ஒன்றும் ஆகாவிட்டால் மெட்ராஸ், கத்தி. அப்புறம் எதை வேண்டுவது என்று தெரியாமல் சும்மா வந்தேன்.

கன்னம் கொஞ்சம் மேடேறியிருக்கிறது. வந்த மறுநாள் மட்டும் வெ. மூன்று, அப்புறம் ஒன்றுதான், தினமும். பெ. விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்.

ஒன்பது மணிக்குப் பால். "நீயே குடு, நீ காச்சினது" என்றாள் பெ. ஒரே மூச்சில் குடித்தார். மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். அவர் கட்டிலில், நாங்கள் இருவரும் கீழே. அவள் புளி கொட்டை எடுத்தாள், நானும் ஒரு பிடி இழுத்துக்கொண்டேன்.

பத்து மணி. ஒன்றும் இல்லை. அவர் வயிற்றையே பார்த்தேன். வேட்டி மடிப்பு மேலும் கீழும் போய்வந்தது. போகட்டும், என் பால்தான் என்று ஆகட்டும், என் கைதான் கெட்டது என்று ஊரே பேசட்டும். மனசுக்குள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கொட்டை எது, புளி எது என்று பார்க்காமல் ஒரே பாத்திரத்தில் போட்டிருக்கிறேன். பெ. பொறுக்கிப் பிரித்தாள்.

பதினொன்றுக்கு அவர் வயிற்றில் கை வைத்தார். "கடமுடங்குது" என்றார். செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பன்னிரண்டரைக்கு இன்னொரு தடவை. ஒன்றரைக்கு மூன்றாவது.

"அப்ப பால்தானா?" என்றாள் பெ.

"பால்தாங்கா."

"கத்தி வேணாம்ல?"

"வேணாம்."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. நோட்டில் மூன்று என்று எழுதினேன், நேரம் போட்டு.

அவர் கை கால் கழுவிக்கொண்டு வந்து கட்டிலில் சாய்ந்தார். "பசிக்குதே. கஞ்சி கீதா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். பெ. கையை ஊன்றிப் பாதி எழுந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"நீ ஊத்து தனம்."

ஊற்றினேன். குடித்தார். விட்டுக்கொடுத்தாள், அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.